மலேசியாவில் சரிந்த பாமாயில் விருதுநகரில் ஏன் சரியவில்லை?

கேள்வி: சாத்தூர் பக்கம் காராச்சேவு, மிக்சர் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். வாரம் இருபது டின் பாமாயில் ஓடும். மலேசியாவில் விலை சரிந்ததாகச் செய்தி வந்த மறுநாள் விருதுநகரில் விசாரித்தால் பழைய விலையையே சொல்கிறார்கள். ஏறினால் மட்டும் அன்றைக்கே ஏற்றிவிடுகிறார்கள். இது என்ன கணக்கு? தீபாவளிக்கு முன்கூட்டியே வாங்கி அடுக்கிவைக்கலாமா?

பதில்: முதலில், செய்தியில் வரும் விலை எந்த எண்ணெயினுடையது என்று பாருங்கள். கோலாலம்பூரில் உள்ள பர்சா மலேசியா முன்பேரச் சந்தையில் கச்சா பாமாயில் டன்னுக்கு இத்தனை ரிங்கிட் என்று நடக்கும் பேரம் அது. அதிலும் எல்லோரும் மேற்கோள் காட்டுவது மூன்றாவது மாத ஒப்பந்தத்தை. இனி வரப்போகும் சரக்கைப் பற்றிய இன்றைய மதிப்பீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டின்னில் இருப்பதோ முன்பே பேரம் முடிந்து, கப்பலேறி வந்து, இங்கே சுத்திகரித்த பாமோலின், அதாவது சமையலுக்கான பாமாயில்.

கணக்குப் போட்டால் விளங்கும். எண்கள் புரிதலுக்காக மட்டும். துறைமுகம் வந்து சேரும் கச்சா பாமாயில் டன் 1,000 டாலர், டாலர் 85 ரூபாய் என்று கொள்வோம். சரக்கு 85,000 ரூபாய். 2025 மே இறுதியில் குறைக்கப்பட்ட வரிப்படி அடிப்படைச் சுங்கம் 10 சதவீதம், வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 5 சதவீதம், இவற்றின் மேல் பத்தில் ஒரு பங்கு சமூகநலக் கூடுதல் வரி. ஆக 16.5 சதவீதம், அதாவது 14,025 ரூபாய். கிலோ 99 ரூபாய் ஆகிறது. ஆலைச் செலவு, லாரி வாடகை, 5 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் இதற்கு மேல்.

இப்போது விலை 50 டாலர் இறங்குகிறது. கிலோவுக்கு ஐந்து ரூபாய், 15 கிலோ டின்னுக்கு 75 ரூபாய் குறைய வேண்டும். ஆனால் அதே வாரம் டாலர் 87 ரூபாய்க்குப் போனால் குறைவது 41 ரூபாய்தான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. நம் வியாபாரிகளிலேயே பலர் இதைக் கவனிப்பதில்லை. இறக்குமதியாளர் காட்டும் பில் விலைக்குச் சுங்கத்துறை வரி போடுவதில்லை. பில்லைக் குறைத்துக் காட்டுவதைத் தடுக்க, பாமாயிலுக்கு அரசே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டாலரில் ஒரு மதிப்பை அறிவிக்கிறது, வரி அதன்மேல்தான். சந்தை 950 டாலருக்கு இறங்கியும் அறிவித்த மதிப்பு 1,000 ஆகவே இருந்தால், புதிய அறிவிப்பு வரும்வரை பழைய மதிப்புக்கே வரி. அப்படியானால் நம் 41 ரூபாய் 30 ரூபாயாகச் சுருங்கிவிடும். விருதுநகர்க்காரரை நீங்கள் சந்தேகிக்கும் முன்பே 45 ரூபாய் கரைந்துவிட்டது.

மீதி 30 ரூபாயில் அவருக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. விலை ஏறும்போது மொத்த வியாபாரி அடுத்த லோடு என்ன விலைக்கு வரும் என்று பார்க்கிறார். இறங்கும்போது குடோனில் கிடக்கும் சரக்கை என்ன விலைக்கு வாங்கினோம் என்று பார்க்கிறார். அவர் இடத்தில் நீங்களும் நானும் இருந்தாலும் இதைத்தான் செய்வோம். ஒருவரிடமே வாங்காமல் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்பதுதான் இதற்கு மருந்து. பழைய சரக்கு தீர்ந்தவர் முதலில் இறங்கி வருவார்.

அடுக்கிவைக்கலாமா என்பதற்கு வருவோம். இந்த எண்ணெயில் பெரிய அடி பெரும்பாலும் அரசுகளிடமிருந்துதான் வருகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியது, மே 23 அன்று திறந்துவிட்டது. முன்கூட்டி அதிக விலைக்கு வாங்கி அடுக்கியவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப்பாருங்கள். 2025இல் அந்த நாடு டீசலில் 40 சதவீதம் பாமாயில் டீசலைக் கலக்கத் தொடங்கியது. அதனால் காராச்சேவு எண்ணெயை அந்த ஊர் லாரியும் பங்குபோடுகிறது. நம் பக்கம், 2024 செப்டம்பரில் சோயா விலை ஆதரவு விலையான குவிண்டால் 4,892 ரூபாய்க்குக் கீழே கிடந்தபோது, விவசாயிகளுக்காகக் கச்சா சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆக்கினார்கள். தீபாவளி நெருங்கும் நேரம் அது. எட்டு மாதம் கழித்து, விலைவாசிக்காகக் குறைத்தார்கள். அடுத்த அறிவிப்பு எந்தப் பக்கம் என்று ஊகித்துச் சரக்கெடுப்பது சூதாட்டம். டின் அடுக்க இடவாடகையும் முடங்கும் பணத்துக்கு வட்டியும் வேறு. (ரேஷன் பாமாயில் 25 ரூபாய்தானே என்று ஒப்பிட வேண்டாம், அது மாநில அரசு மானியத்தில் ஓடுகிறது.)

உங்கள் அளவுக்கு என் யோசனை இதுதான். தீபாவளித் தேவையை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கை ஆறு வாரத்துக்கு முன்பும், அடுத்ததை மூன்று வாரத்துக்கு முன்பும், கடைசிப் பங்கை அடுப்பு மூட்டும் வாரத்திலும் வாங்குங்கள். கடைகளுக்குச் சரக்கு விலை சொல்லும்போது, டின் விலை 100 ரூபாய்க்கு மேல் மாறினால் கிலோ விலையும் மாறும் என்று முன்னாடியே பேசிவிடுங்கள். காராச்சேவு கிலோவுக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று ஒரு நாள் எடைபோட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சுக்குப் போங்கள்.