கூட்ட அறிக்கைக்கு ‘அமென்ட்’தான்

கூட்ட அறிக்கையில் பிழையாகப் பதிந்ததைத் திருத்தியதற்கு எந்த ஆங்கிலச் சொல்லைப் போடுவது என்று கேட்டீர்கள். ‘அமென்ட்’ (amend) என்றே போடுங்கள். 48 பேர் வந்த கூட்டத்துக்கு 84 என்று பதிந்துவிட்டீர்கள். அடுத்த கூட்டத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டு திருத்துகிறீர்கள். எழுத்தில் உள்ளதை முறைப்படி திருத்துவதற்கு அதுதான் சொல். 1987இல் இலங்கை அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தமும் ‘அமென்ட்மென்ட்’தானே!

நீங்கள் எழுதிய ‘ஓல்டர்’ (alter) என்ற சொல்லைப் பார்த்துத் தலைவர் முகம் சுளித்தது சும்மா இல்லை என்று நினைக்கிறேன். ஹட்டன் டவுனில் பிள்ளையின் கவுனைக் கொடுத்து இடுப்பைப் பிடிக்கச் சொன்னால் அது ‘ஓல்டர்’, குறையில்லை. காசோலை, பதிவேடு என்று வந்தால் அதே சொல்லில் யாரோ கள்ளமாகக் கைவைத்த வாடை அடிக்கும்.

திருத்தம், மாற்றம் பற்றிய மற்றச் சொற்களில் குழம்பினால் தேயிலை ஃபெக்டரியை நினைத்துப் பாருங்கள். கொழுந்து வாட்டும்போது காற்றைக் கூட்டிக் குறைத்தால் ‘அட்ஜஸ்ட்’. அந்த இயந்திரத்துக்கே புதிதாக ஒரு பாகம் பூட்டி வேலை செய்யும் விதத்தை மாற்றினால் ‘மொடிபை’. ‘சேஞ்ச்’ எல்லாவற்றுக்கும் போகும், ஆனால் என்ன செய்தீர்கள் என்று சொல்லாது.

ஒன்று கவனம்: வெறும் எழுத்துப்பிழைக்கு ‘கரெக்ட்’ போதும். ‘அமென்ட்’டை ஆங்கில ‘ஏ’ (a) எழுத்தில் தொடங்குங்கள். ‘ஈ’யில் தொடங்கினால் (emend) அது பழைய ஏடுகளின் பாடத்தைத் திருத்துகிறவர்களுடைய சொல்.