கேள்வி–பதில்: ரஷ்ய வரலாற்று வகுப்பில் இடறும் இடங்கள்

கே: பல்கலைக்கழகத்தில் ரஷ்யப் பண்பாடு, வரலாறு பற்றிய அறிமுகத் தாளை எடுத்திருக்கிறேன். ரஷ்ய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. சமாளிக்க முடியுமா?

ப: முடியும். அறிமுகத் தாளுக்குப் பெரும்பாலும் மொழிபெயர்ப்புகளே போதும். மொழியை விடுங்கள், எழுத்தை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். மொத்தம் 33தான். ஆங்கில எழுத்தின் உருவத்தில் இருந்துகொண்டு வேறு ஒலி தருபவைதான் காலை வாரும். 'எச்' போல இருப்பது 'ன', 'சி' போல இருப்பது 'ஸ', 'ஒய்' போல இருப்பது 'உ'. இவற்றை முதலில் முடித்துவிடுங்கள். வரைபடத்தில் உள்ள ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தாலே பெரிய லாபம்.

கே: பத்துப் பக்கம் படிப்பதற்குள் யார் யாரென்று குழம்பிவிடுகிறது. ஒரே ஆளுக்கு எத்தனை பெயர்தான்?

ப: முறைப்படி மூன்று: சொந்தப் பெயர், தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர். தந்தை இவான் என்றால் மகன் இவானொவிச், மகள் இவானொவ்னா. குடும்பப் பெயரும் ஆண், பெண்ணுக்கேற்ப மாறும்: கணவர் மரோஸொவ், மனைவி மரோஸொவா. மரியாதையாக விளிக்கும்போது முதல் இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். இவை போதாதென்று செல்லப்பெயர்கள் வேறு. இவான் வான்யா ஆவார், மரியா மாஷா ஆவார். சாஷா என்றால் அலெக்ஸாந்தராகவும் இருக்கலாம், அலெக்ஸாந்த்ராவாகவும் இருக்கலாம். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஆளுக்கொரு வரி ஒதுக்கி, எல்லாப் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள்.

கே: 1917 புரட்சிக்கு ஒரு நூல் அக்டோபர் 25 என்கிறது, இன்னொன்று நவம்பர் 7 என்கிறது. எது சரி?

ப: இரண்டும் ஒரே நாள்தான். ரஷ்யா 1918 வரை ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் கணக்குக்கு மாற்ற, 19ஆம் நூற்றாண்டு என்றால் 12 நாள் கூட்டுங்கள், 20ஆம் நூற்றாண்டு என்றால் 13. அதனால்தான் 1825 டிசம்பர் 14இல் ஜார் அரசை எதிர்த்து ராணுவ அதிகாரிகள் நடத்திய டிசம்பரிஸ்ட் கிளர்ச்சி புதிய கணக்கில் டிசம்பர் 26க்கு வருகிறது. 1918 ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 என்று ஆணையிட்டுச் சிக்கலைத் தீர்த்தார்கள். ரஷ்யத் திருச்சபை மாறவில்லை. அங்கே கிறிஸ்துமஸ் இன்றும் ஜனவரி 7தான்.

ஜார் மன்னர் மகா பீட்டருக்கு முந்தைய ஆவணம் கையில் வந்தால் இன்னொரு முடிச்சு. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து ஆண்டு எண்ணினார்கள், புத்தாண்டு செப்டம்பர் 1. ஜனவரி முதல் ஆகஸ்ட் வரையான தேதிக்கு 5508ஐக் கழியுங்கள், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 5509. 7208 டிசம்பர் என்றால் 1699 டிசம்பர். அந்த டிசம்பர் 31க்கு மறுநாளிலிருந்து 1700 என்று எழுதச் சொன்னவர் பீட்டர். கட்டுரையில் பழைய கணக்கோ புதியதோ, ஒன்றையே பின்பற்றுங்கள். முதல் அடிக்குறிப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

கே: பாடம் கீவில் தொடங்குகிறது. அது உக்ரைன் அல்லவா?

ப: ஆம். 988இல் இளவரசர் விளாதிமிர் கிறிஸ்தவத்தை ஏற்றபோது கீவைத் தலைநகராகக் கொண்ட அவரது அரசின் பெயர் 'ரூஸ்'. மாஸ்கோவின் பெயர் ஆண்டுக்குறிப்புகளில் 1147இல்தான் முதலில் வருகிறது. ரஷ்யர், உக்ரைனியர், பெலாருசியர் மூவரும் ரூஸைத் தம் முன்னோடியாகக் கொள்கிறார்கள். எனவே 988ஐப் பற்றி எழுதும்போது 'ரஷ்யா' என்று எழுதாதீர்கள்; ரூஸ் என்றே எழுதுங்கள்.

கே: ரஷ்ய ஓவியர் சுரிக்கொவ் வரைந்த 'பயாரின்யா மரோஸொவா' (சீமாட்டி மரோஸொவா) ஓவியம் பற்றி 1,500 சொற்களில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

ப: படத்தின் நடுவில் இருக்கும் மரோஸொவா உயர்த்திய கையிலிருந்து. இரண்டு விரல்களை நீட்டியிருக்கிறாள். 1650களில் ரஷ்யத் திருச்சபையின் தலைவரான குலபதி நீக்கன் சிலுவைக் குறியை மூன்று விரலால் போடச் சொன்னார். 'அல்லேலூயா'வை இரண்டு முறைக்குப் பதில் மூன்று முறை பாடச் சொன்னார். மறுத்தவர்களே பழைய விசுவாசிகள். 1666–67இல் கூடிய திருச்சபை மாமன்றம் அவர்களைக் கண்டித்ததோடு திருச்சபை பிளந்தது. பழைய விசுவாசிகளில் ஒருவரான செல்வச் சீமாட்டி மரோஸொவா 1671இல் கைதாகி, 1675இல் பரோவ்ஸ்க் சிறையில் இறந்தார்.

கூட்டத்தையும் பாருங்கள். இடப்பக்கம் ஒரு பாதிரியார் சிரிக்கிறார். வலப்பக்கம் பனியில் உட்கார்ந்திருக்கும் தெய்வப் பித்தர் அதே இரு விரல்களைக் காட்டுகிறார். ஓவியம் ஏறத்தாழ 3 மீட்டர் உயரம், 6 மீட்டர் அகலம். அச்சுப் படத்தில் முகங்கள் தொலைந்துபோகும். பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

மதிப்பெண் போகிற இடம் ஒன்று உண்டு. படம் 1887இல் மக்கள் பார்வைக்கு வந்தது. அதை 17ஆம் நூற்றாண்டின் நேரடிச் சாட்சியாக வைத்து எழுதினால் கட்டுரை கவிழ்ந்துவிடும். 1671க்கு 300 சொல் போதும். மீதியை, பண்ணையடிமை முறை ஒழிந்து 26 ஆண்டு ஆன ஒரு சமூகம், அரசை எதிர்த்த ஒரு பெண்ணை இவ்வளவு பெரிதாக ஏன் பார்க்க விரும்பியது என்ற கேள்விக்குக் கொடுங்கள்.

கே: நகரப் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றனவே?

ப: முக்கியமாக ஒன்றுதான். 1703இல் பிறந்த பீட்டர்ஸ்பர்க் 1914இல் பெத்ரோகிராத், 1924இல் லெனின்கிராத், 1991இல் மீண்டும் பீட்டர்ஸ்பர்க். நிகழ்ச்சி நடந்த ஆண்டில் என்ன பெயரோ அதையே எழுதுங்கள். 1917 புரட்சி பெத்ரோகிராதில் நடந்தது, லெனின்கிராதில் அல்ல.