வெளிநாட்டில் மாடி மழைநீரைச் சாக்கடையிலிருந்து பிரித்தால் மானியம் தருகிறார்களாம். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நமக்கும் கிடைக்குமா?

மானியம் வரட்டும், அப்புறம் பிரிக்கலாம் என்று காத்திருக்காதீங்க. நீங்கள் கேட்பதைப் பார்த்தால், மாடித் தண்ணீர்க் குழாயைக் கொத்தனார் நேராகப் பாதாளச் சாக்கடை சேம்பரில் (வீட்டுக் கழிவு சேரும் மூடி போட்ட தொட்டியில்) விட்டுவிட்ட வீடு என்று தெரிகிறது. கொங்கு நாட்டு நகரங்களில் பாதாளச் சாக்கடை வந்த தெருக்களில் இந்தத் தப்பு நிறைய.

மானியம் கொடுத்த ஊர்களின் நிலைமை வேறு. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகும்படிதான் கட்டியிருந்தார்கள். மழை வலுத்தால் இரண்டும் கலந்து வில்லாமெட் ஆற்றில் வழியும். அதனால் குழாயைத் தானே பிரித்துக்கொண்ட வீட்டுக்காரருக்கு ஒரு குழாய்க்கு 53 டாலர் கொடுத்தார்கள். 2011 வரை நடந்த திட்டத்தில் 56,000-க்கு மேல் குழாய்கள் பிரிந்தன. ஜெர்மனியில் பல நகரங்கள் கூரை, சிமெண்ட் தரை ஆகியவற்றின் பரப்பைக் கணக்கிட்டு மழைநீருக்குத் தனிக் கட்டணம் போடுகின்றன. பிரித்தால் கட்டணம் குறையும்.

நம் ஊரில் கழிவுநீருக்குப் பாதாளச் சாக்கடை, மழைநீருக்கு வடிகால் என்று இரண்டும் தனித்தனி. மழைக்குழாயைச் சாக்கடையில் சேர்ப்பதே விதிமீறல். 2003-இல் வந்த மழைநீர் சேகரிப்புச் சட்டப்படி சேகரிப்பு அமைப்பு கட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பு. செய்யாவிட்டால் நகராட்சி தானே செய்து, அந்தச் செலவைச் சொத்து வரிபோல வசூலிக்கலாம். அங்கே செய்தவனுக்குக் கொடுத்தார்கள், இங்கே செய்யாதவனிடம் வாங்கச் சட்டம் இருக்கிறது.

'ரெண்டு சென்ட் லைன் வீட்டுக்காரன் மழைநீர் இறக்க எங்கே குழி தோண்டுவான்' என்று யாராவது கேட்கலாம். கேட்பது நியாயம். அவர்களுக்கு அரசு உதவ வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் குழி வேறு, குழாயைப் பிரிப்பது வேறு. பிரிக்க ஒரு எண்டு கேப் (குழாய் வாயை அடைக்கும் மூடி), இரண்டு பெண்டு (வளைவுத் துண்டு), பத்து அடி பைப், ஒரு டப்பா சால்வெண்ட் (பைப் ஒட்டும் பசை) போதும்.

ஏன் அவசரம் என்பதற்குக் கணக்கு இதோ. 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ பெய்தால், சேதாரம் போகச் சுமார் 4,000 லிட்டர் இறங்கும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவு என்று வைத்துத்தான் சாக்கடைக் குழாயின் அளவைப் போடுகிறார்கள். ஒரு நாளைக்கு 432 லிட்டர் ஆகிறது. அப்படியென்றால் ஒன்பது நாள் கழிவுக்குச் சமமான தண்ணீரை ஒரு மணி நேரத்தில் உள்ளே தள்ளுகிறீர்கள். தெருவில் இருபது வீடு இப்படிச் செய்தால் மேன்ஹோல் மூடி தூக்கும், பள்ளத்து வீட்டின் பாத்ரூம் ஓட்டை வழியாக மலத்தண்ணீர் மேலே வரும். சுத்திகரிப்பு நிலையத்திலும் கழிவைத் தின்று சுத்தம் செய்யும் நுண்ணுயிர்ச் சேறு அடித்துக்கொண்டு போய்விடும்.

முதலில் கண்டுபிடிங்க. சேம்பர் மூடியைத் திறந்து வைத்து, மாடி ஓட்டையில் மஞ்சள்தூள் கரைத்த இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றுங்க. மஞ்சள் சேம்பரில் வந்தால் இணைப்பு இருக்கிறது.

அடுத்து, எந்தக் குழாயை அறுக்கிறோம் என்பதில்தான் நிறைய வீடுகள் கெட்டுப்போகின்றன. மாடிக்கு மேலே நீண்டு திறந்த வாயோடு நிற்பது கழிவறையின் காற்றுக் குழாய். அதை அறுத்தாலோ அடைத்தாலோ ட்ராப்பில் (வாடையைத் தடுக்கும் வளைகுழாயில்) நிற்கும் தண்ணீர் உறிஞ்சப்பட்டு வீடே நாறும். சில வீடுகளில் மாடித் தண்ணீரை 'ஒய்' (Y வடிவ இணைப்பு) போட்டுக் கழிவறைக் குழாயிலேயே சேர்த்திருப்பார்கள். அங்கே கீழே அறுக்கக் கூடாது. மாடி ஓட்டையை அடைத்து, சுவரில் புது ஓட்டை போட்டுத் தனிக் குழாய் இறக்கணும். மாடியில் வாஷிங் மெஷின் இருந்து அந்தத் தண்ணீரும் இதே குழாயில் வந்தால், சோப்புத் தண்ணீரை முதலில் தனியாகப் பிரித்துச் சாக்கடையில் விடுங்க.

தனி மழைக்குழாய்தான் என்றால் தரையிலிருந்து ஒன்றரை அடி மேலே அறுத்து, கீழ்த்துண்டின் வாயை எண்டு கேப்பும் சால்வெண்டும் போட்டு மூடுங்க. துணி, சிமெண்ட் பூச்செல்லாம் நிற்காது. கரப்பானும் வாடையும் வரும், சாக்கடை எதிர்த்தால் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். கீழே தரையில் இருக்கும் கல்லி ட்ராப்பில் (வாடைத் தடுப்புத் தொட்டியில்) சமையலறைத் தண்ணீரும் விழுந்தால் ட்ராப்பை அடைக்காதீங்க, மழைக்குழாய் நுழைகிற வாயை மட்டும் அடைங்க. மேல்துண்டைத் திருப்ப 90 டிகிரி எல்போ வேண்டாம், 45 டிகிரி பெண்டு இரண்டு போடுங்க. சரிவு பத்து அடிக்கு ஒன்றேகால் இஞ்சி. 1,000 சதுர அடிக்கு நாலு இஞ்சிக் குழாய் இரண்டு வேண்டும்.

திருப்பிய தண்ணீரைச் சம்ப்பில் சேர்ப்பதென்றால் மாடி அழுக்கோடு வரும் முதல் மழையைக் கழிக்கணும். ஒன்றரை அடிக் குழாயில் மூடி மாட்டி 'ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்' என்று விற்கிறார்கள், அது நாலு லிட்டர்கூடப் பிடிக்காது. 93 சதுர மீட்டர் மாடியில் அரை மி.மீ கழிப்பதற்கே 46 லிட்டர் வேண்டும். கீழே வால்வு வைத்த 50 லிட்டர் டிரம் போதும்.

குழியில் விடுவதென்றால் முதலில் மண்ணைப் பாருங்க. ஒரு அடிக் குழி தோண்டி, முதல் நாள் இரண்டு தடவை நிரப்பி ஊறவிட்டு, மறுநாள் நிரப்பி அளங்க. மணிக்கு அரை இஞ்சிகூட இறங்காவிட்டால் வெறும் குழி வீண். செம்மண்ணில் பெரும்பாலும் இறங்கும். கரிசல் ஊறினால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அங்கே அஸ்திவாரத்திலிருந்து பத்து அடியாவது தள்ளித் தோண்டி, குழியின் அடியில் பதினைந்து இருபது அடிக்கு ஆறு இஞ்சித் துளை போட்டுச் சிதைந்த பாறை வரைக்கும் இறக்கணும். பொடக்காலியில் (வீட்டுப் பின்பக்கத்தில்) வற்றிய கிணறு இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. குடிக்க எடுக்கிற போர்வெல்லுக்குள் மட்டும் நேராக விடாதீங்க.

மூன்றடி அகல சிமெண்ட் ரிங் ஆறு அடி ஆழத்துக்கு இறக்கினால் 1,200 லிட்டர் பிடிக்கும். அதை முழுக்க ஜல்லியால் நிரப்பிவிட்டால் 500 லிட்டர்கூடப் பிடிக்காது. எத்தனையோ வீட்டில் செங்கல் துண்டைக் கொட்டி மேலே மண் மூடியிருக்கிறார்கள், அதற்குப் பேர் குழியே இல்லை. அடியில் ஒரு அடி ஒன்றரை இஞ்சி ஜல்லி போட்டு மிச்சத்தைக் காலியாக விடுங்க. தண்ணீர் குழிக்குப் போகும் முன் வடிகட்டித் தொட்டி தனியாக, இரண்டுக்கு இரண்டு அடி, மூன்றடி ஆழம்: கீழே ஒன்றரை ஜல்லி, நடுவில் முக்கால் ஜல்லி, நைலான் வலை, அதன்மேல் கழுவிய பெருமணல். கழுவாத எம்.சாண்டின் தூள் ஒரே மழையில் அடைத்துவிடும். காலிக் குழி என்பதால் கான்கிரீட் மூடியும் கொசு வலையும் கட்டாயம்.

அடைமழையில் இந்தக் குழி இருபது நிமிடத்தில் நிரம்பிவிடும், அதனால் தெரு வடிகாலுக்கு வழிகுழாய் வேண்டும். இங்கேதான் வயிறு எரிகிறது. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடுகிறார்கள். பத்து வருஷத்தில் வாசல் பள்ளமாகிவிடுகிறது, வழிகுழாயை எங்கே விடுவது? ஒழுங்காகச் செய்ய நினைக்கிறவனையும் மறுபடி சாக்கடைக்கே தள்ளுகிற வேலை இது. மானியத்துக்கு மனு எழுதுகிறவர்கள் ரோட்டைச் சுரண்டிப் போடச் சொல்லியும் எழுதுங்க. அதுவரை வழிகுழாயை இன்றைய ரோட்டு மட்டத்துக்கு ஓரடி மேலே வைத்துக்கொள்ளுங்க.

வேலையை ஆவணியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் முடியும். வருஷா வருஷம் புரட்டாசியில் மேல்மணலில் இரண்டு இஞ்சி சுரண்டி எடுத்துப் புதுசு போடுங்க, மாடி ஓட்டையை மூடியிருக்கும் வலையில் ஆடிக்காத்து சேர்த்த வேப்பிலையை அள்ளிவிடுங்க.