அப்பாவின் பெயரில் ஒரு 'எச்' குறைந்துவிட்டது!

கேள்வி: அக்கா, உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக விண்ணப்பத்தை ஒன்லைனில் அனுப்பிவிட்டேன். பிறகு பார்த்தால் அப்பாவின் பெயரில் ஒரு 'எச்' விடுபட்டிருக்கிறது, முகவரியில் வீதிப் பெயரும் பிழை. இரண்டு கிழமையாக நித்திரை இல்லை. விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்களா?
- மாணவி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, அந்த 'எச்' உம்முடைய வீட்டில் மட்டும் தொலையவில்லை. 2009 இடப்பெயர்வில் பெட்டியோடு ஆவணங்களை விட்டுவிட்டு வந்து, பிறகு பிறப்புச் சான்றிதழைத் திரும்ப எடுத்த குடும்பங்கள் வன்னியில் எத்தனை! தமிழ்ப் பெயரை ஒவ்வொரு எழுதுவினைஞரும் தனக்குத் தெரிந்தமாதிரி இங்கிலிசில் எழுதினால் இப்படித்தான் வரும். என் பெயரே மூன்று ஆவணத்தில் மூன்று விதம், அதோடேயே பட்டமும் எடுத்துவிட்டேன். கேட்டால் இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்கலாம்.

வீதிப் பெயருக்குப் பயப்படாதேயும், ஆனால் கடிதம் வந்து சேர வேண்டுமே, அதனால் சரியான முகவரியை உயர்தரப் பரீட்சைச் சுட்டெண்ணும் அடையாள அட்டை இலக்கமும் போட்டு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையும்.

நான் கவலைப்படுவது நீர் பார்க்காத இடத்தைப் பற்றி. மாவட்டத்தைச் சரியாகப் போட்டீரா? பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, உம்முடைய முல்லைத்தீவும் அதில் ஒன்று. மாவட்டத்தில் பிழை என்றால், உயர்தரப் பெறுபேற்றில் வரும் உம்முடைய இசட் புள்ளியை வேறு மாவட்ட வெட்டுப்புள்ளியோடு பார்ப்பார்கள். அப்புறம் பாடநெறிகளை நீர் போட்ட தெரிவு ஒழுங்கு. மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போய், புள்ளி காணும் முதலாவது பாடநெறியைத் தருவார்கள். 'கிடைக்கிறதை முன்னுக்குப் போடு' என்று ரியூசனில் யாரோ சொன்னதைக் கேட்டு, கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்க ஆசைப்பட்ட பிள்ளை அதை ஐந்தாவதாகப் போட்டால், புள்ளி இருந்தும் அது கிடைக்காமல் போகலாம். இந்த இரண்டிலும் பிழை கண்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் அதிபரிடம் ஓடும்.

வதிவிடத்துக்கு விதானையாரின் கடிதம் தேவைப்பட்டால் அம்மாவின் அடையாள அட்டையையும் கொண்டுபோம். இல்லாவிட்டால் வெயிலுக்குள்ளே இரண்டாம் தரம் சைக்கிள் உழக்க வேண்டிவரும்.