சூடை மீன் என்றாலே குமட்டுகிறது: பழகிக்கொள்ள வழி உண்டா?

கேள்வி: எனக்கு 43 வயது. கோண்டாவிலில் வசிக்கிறேன். அண்மையில் செய்த இரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு கூடுதலாக இருந்தது. சோற்றையும் சீனியையும் குறைக்கச் சொன்ன மருத்துவர், வாரத்தில் இரண்டு நாளாவது சூடை, கீரி போன்ற கொழுப்புள்ள சிறுமீன் சாப்பிடச் சொன்னார். விளைமீன், பாரை, சுறா வறை எல்லாம் எனக்கு விருப்பம். சூடை மட்டும் ஆகாது. ஒன்பது வயதில் ஒரு நாள் இரவு சூடைக் குழம்பு சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, விடியும்வரை சத்தி எடுத்தேன். அன்றிலிருந்து அந்த வெடுக்கு மூக்கில் பட்டாலே வயிற்றைப் புரட்டுகிறது. "கண்ணை மூடிக்கொண்டு விழுங்கு" என்கிறார் கணவர். மீனெண்ணெய் மாத்திரை போட்டால் போதாதா?

பதில்: அன்புள்ள சகோதரி, தயவுசெய்து கண்ணை மூடிக்கொண்டு விழுங்காதீர்கள். அப்படி விழுங்கும் ஒவ்வொரு வாயும் உங்கள் வெறுப்புக்கு உரம் போடும். சூடையை உங்களுக்குப் பிடித்த மீனாக்க முடியும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். அதற்கு முன், உங்களுக்கு எது பிடிக்கவில்லை என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தவரையில், நல்ல சூடையை நீங்கள் இன்னும் சாப்பிட்டதே இல்லை என்று நினைக்கிறேன்.

அந்த இரவிலிருந்து தொடங்குவோம். முகம் சிவத்தல், தலையிடி, சத்தி, அதுவும் சாப்பிட்ட சிறிது நேரத்துக்குள். இவை ஹிஸ்டமின் நச்சுக்குப் பொருந்தும் அறிகுறிகள். சூடை, கும்பிளா, சூரை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய உண்டு. மீன் வெயிலிலோ வெக்கையிலோ சில மணி நேரம் கிடந்தால் பக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. குழம்பின் ருசியிலும் பெரிதாக எதுவும் தெரியாமல் போகலாம். முப்பது வருடங்களுக்கு முந்திய ஒரு வயிற்றுக் கோளாறுக்கு இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மற்ற மீன்களை நீங்கள் இத்தனை காலம் தொல்லையின்றிச் சாப்பிட்டு வருவதைப் பார்த்தால், பிழை அந்த மீன் கிடந்த விதத்தில் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆயினும் ஒவ்வாமை என்பது விளையாட்டல்ல. எதையும் தொடங்குமுன் இந்தப் பழைய சம்பவத்தை மருத்துவரிடம் முழுமையாகச் சொல்லுங்கள். உடலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிழுப்பு என்று எப்போதாவது வந்திருந்தால் அவருடைய அனுமதி இல்லாமல் ஒரு துண்டும் வாயில் வைக்க வேண்டாம். மூட்டுவாதத்தில் யூரிக் அமிலம் கூடியவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு, ஏனென்றால் உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் சூடையில் அதிகம்.

ஒரே ஒரு இரவு இத்தனை வருடம் எப்படி நிலைத்து நிற்கிறது என்று நீங்கள் உங்களையே நொந்துகொள்ளலாம். தேவையில்லை. 1955இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோன் கார்சியாவும் அவருடைய சகாக்களும் எலிகளுக்கு இனிப்பூட்டிய தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினார்கள். அதன்பின் அந்த எலிகள் இனிப்புத் தண்ணீரைத் தவிர்க்கத் தொடங்கின. தண்ணீர் ஒரு பாவமும் செய்யவில்லை. ஆனாலும் உடல் கெட்டால், கடைசியாக நாக்கில் பட்ட ருசியின் மேல் பழியைப் போடுவது உயிர்களின் இயல்பு. நஞ்சிலிருந்து தப்புவதற்காக அமைந்த பாதுகாப்பு அது. மனம் வைத்து அதை அடக்க முடியாது. அந்த ருசி பல முறை வந்து, ஒரு கெடுதியும் நடக்கவில்லை என்று உடல் கண்டுகொண்டால் மெல்ல மெல்லத் தளரும். பழக்குவது என்று நான் சொல்வது இதைத்தான்.

இப்போது வெடுக்கு. கடல்மீனின் உடலில், கடல் உப்பைத் தாக்குப்பிடிப்பதற்காக, மணமற்ற ஒரு பொருள் இருக்கிறது. மீன் இறந்தபின் பக்டீரியாக்கள் அதை டிரைமெதைலமைன் என்ற வாயுவாக உடைக்கின்றன. நம் மூக்கைத் துளைக்கும் வெடுக்கில் பெரும்பங்கு அதுதான். கரைக்கு வந்த உடனே சூடையை முகர்ந்து பார்த்தால் கடற்காற்றும் பாசியும் மணக்குமே தவிர வெடுக்கு இருக்காது. சூடைக்கு இன்னும் ஒரு சிக்கல் உண்டு. அது கொழுப்புள்ள மீன், கொழுப்பு காற்றுப் பட்டால் காறிவிடும். வயிறு நிறைய நுண்ணுயிர்களை உண்ட மீன் என்பதால், குடலில் உள்ள நொதியங்கள் இறந்தபின் வயிற்றையே கரைக்கத் தொடங்கும். விளைமீன் மாலைவரை பொறுத்திருக்கும், சூடை பொறுக்காது. அந்தி வேளையில் வயிறு வெடித்த சூடையை மலிவாக வாங்கி வந்து, இரவு குழம்பு வைத்து, "சூடை என்றால் இப்படித்தான்" என்று பிள்ளைகளுக்குப் பழக்கிய வீடுகள் எத்தனை! அந்த மீனுக்குச் செய்யும் அநியாயம் இது.

ஆகவே முதல் வேலை சந்தையில். காக்கைதீவோ பாசையூரோ சின்னக்கடையோ, உங்களுக்கு வசதியான இடத்துக்குக் காலையிலேயே போக வேண்டும். ஒரு சூடையைக் கையில் எடுத்துத் தலைப்பக்கம் பிடித்துக் கிடையாக நீட்டிப் பாருங்கள். வால் தொங்காமல் விறைத்து நின்றால் நல்லது. கண் தெளிந்து புடைத்திருக்க வேண்டும், குழிந்து மங்கியிருந்தால் வேண்டாம். செவுளைத் தூக்கினால் கடுஞ்சிவப்பு, மண்ணிறமல்ல. வயிறு கெட்டியாக, வெடிப்பின்றி இருக்க வேண்டும். செதில் உதிர்ந்திருப்பதைப் பார்த்து ஒதுக்காதீர்கள், சூடையின் செதில் தொட்டாலே உதிரும். வாங்கியதும் ஐஸ் கேட்டு வாங்கி மீனோடு சேர்த்துக் கட்டுங்கள். வெறும் பையில் போட்டு, சைக்கிள் கைப்பிடியில் மாட்டி, வெயிலில் கோண்டாவில்வரை கொண்டுவந்தால் காலையில் எழுந்து போனதன் பலன் பாதி வழியிலேயே போய்விடும்.

இரண்டாவது வேலை உங்கள் கணவருடையது. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு மீனை வெட்டுவது, கழுவுவது, கழிவைப் புதைப்பது எதையும் நீங்கள் செய்யக்கூடாது. ஒரு மணி நேரம் குடலும் இரத்தமும் முகர்ந்த மூக்கோடு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், எந்த மீனும் இறங்காது. நம் வீடுகளில் மீன் பிடிக்காத பெண்கள் பலர் உண்மையில் மீன் வெட்டிக் களைத்தவர்கள். "விழுங்கு" என்று சொல்பவர் கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகட்டும். தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, வயிற்றின் உட்புறம் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வை விரலால் உரித்து, நடுமுள்ளோடு ஒட்டிய இரத்தக் கோட்டைப் பெருவிரல் நகத்தால் வழித்துக் கழுவ வேண்டும். காறல் ருசிக்கு அந்த இரத்தமும் ஒரு காரணம். கழுவிய மீனை உப்பும் மஞ்சளும் பழப்புளிக் கரைசலும் பிசிறிப் பத்து நிமிடம் வைத்து அலசலாம். புளியோ தேசிக்காய்ச் சாறோ பட்டதும் அந்த வெடுக்கு வாயு ஆவியாக முடியாத உப்பாக மாறிவிடும். வேதியியல் தெரியாமலே நம் ஆச்சிமார் மீன் சட்டியில் புளி கரைத்ததன் கணக்கு இதுதான்.

இனிச் சமையல். சூடையைப் பால் சொதியில் தொடங்காதீர்கள். மெல்லிய தேங்காய்ப் பால் எதையும் மறைக்காது. உங்களுக்குச் சுறா வறை விருப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒரு வரியில் வழி இருக்கிறது. பிடித்த ருசியின் கையைப் பிடித்துக்கொண்டு பிடிக்காத ருசி உள்ளே வரட்டும். ஆறேழு சூடையை மஞ்சள், உப்பு, சிறிது பழப்புளி சேர்த்து அவியுங்கள். ஆறியதும் நடுமுள்ளை இழுத்தால் முழுதாகக் கழன்று வரும். சதையை உதிர்த்து, துருவிய தேங்காய்ப்பூவோடு பிசறி வையுங்கள். தாச்சியில் சிறிது எண்ணெய் விட்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம் ஆகியவற்றைப் பொன்னிறமாக வதக்கி, பிசறியதைக் கொட்டி, ஈரம் வற்றும்வரை பிரட்டுங்கள். மிளகுத்தூள் தூவி இறக்கி, கடைசியில் தேசிக்காய் பிழியுங்கள். முதல் நாள் உங்களுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். மிச்சம் வீட்டாருக்கு. ஆவி பறக்கச் சாப்பிடாமல் சற்று ஆறவிடுங்கள், சூட்டில்தான் மணம் மூக்குக்கு அதிகம் ஏறும். பசித்த மத்தியான வேளையாக இருக்கட்டும். தடிமனோ வயிற்றுக் குழப்பமோ இருக்கும் நாளில் வேண்டவே வேண்டாம், உடல் மறுபடியும் சூடையின் மேல்தான் பழி போடும்.

இரண்டு வாய்க்குமேல் முடியவில்லையா, வைத்துவிடுங்கள். யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது, "எப்படி?" என்று கேட்கவும் கூடாது. சிறுவர்களைப் பற்றிய ஆய்வுகளில், விரும்பாத ஓர் உணவை ஏற்க 8 முதல் 15 முறை ருசி பார்க்கவேண்டி வரும் என்று காணப்பட்டிருக்கிறது. பெரியவர்களுக்கும் ஏறத்தாழ அவ்வளவு பொறுமை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு தடவை என்றால் இரண்டு மாதக் கணக்கு. நான்காவது ஐந்தாவது தடவையில் ஒரு மாற்றமும் தெரியாமல் மனம் சலிக்கும். பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள்.

வறை இதமானபின் பொரியலுக்குப் போகலாம். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இடித்த பெருஞ்சீரகம் பூசி, சிறிய சூடைகளாகத் தெரிந்து மொறுமொறுப்பாகப் பொரித்தால், வாலும் செட்டையும் முறுக்குப் போல நொறுங்கும். வெடுக்கை நினைக்க நாக்குக்கு நேரமே இருக்காது. ஆனால் உங்கள் ட்ரைகிளிசரைட்டுக்கு எண்ணெயில் அமிழ்த்திப் பொரித்த மீன் நிரந்தர வழி அல்ல, கடந்து போகும் பாலம். அங்கிருந்து தீயலுக்கு வாருங்கள். மண்சட்டியில் கொறுக்காய்ப்புளியும் மிளகும் உள்ளியும் சேர்த்து, பால் விடாமல், கூட்டு மீனில் ஒட்டும்வரை வற்ற வைத்த சூடைத் தீயலைக் குரக்கன் புட்டோடு விருப்பத்துடன் சாப்பிடும் நாள் வந்துவிட்டால், பிறகு என் ஆலோசனை உங்களுக்குத் தேவைப்படாது.

மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். ட்ரைகிளிசரைட் மிகவும் கூடியவர்களுக்கு மருத்துவரே ஒமேகா-3 என்ற, மீனெண்ணெயில் உள்ள நல்ல கொழுப்பை அதிக அளவில் மருந்தாக எழுதுவது உண்டு, அது வேறு விடயம். கடையில் நாமாக வாங்கிப் போடும் மீனெண்ணெய் மாத்திரை அதற்கு ஈடல்ல. அமெரிக்காவில் சுமார் 26,000 பேரை வைத்து நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 1 கிராம் ஒமேகா-3 மாத்திரை, மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கணக்கில் குறிப்பிடத்தக்க குறைவைக் காட்டவில்லை. அமெரிக்க இதய நல அமைப்பு வாரத்துக்கு இரண்டு வேளை மீன், வேளைக்குச் சமைத்த மீனாக சுமார் 85 கிராம் என்றுதான் சொல்கிறது. சூடை ஒமேகா-3யோடு புரதம், பி12, செலெனியம் எல்லாவற்றையும் சேர்த்துத் தருகிறது. முள்ளோடு மென்று தின்றால் கல்சியமும் உண்டு. சிறிய மீன், குறைந்த ஆயுள், உணவுச் சங்கிலியின் கீழ்ப்படி என்பதால் சுறா போன்ற பெரிய மீன்களைவிட அதில் பாதரசம் மிகக் குறைவு. சுறா வறையை விரும்பும் நீங்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் சூடை மட்டுமே ட்ரைகிளிசரைட்டை இறக்கிவிடாது. மருத்துவர் சொன்ன சோறு, சீனிக் கட்டுப்பாடுதான் முன்னே நிற்கும்.

நேரமில்லாத வாரத்தில் டின் மீன் கைகொடுக்கும். அழுத்தத்தில் வேகவைத்ததால் முள் மாவாகக் கரையும், வெடுக்கும் அடங்கியிருக்கும். உப்புத் தண்ணீரை வடித்துவிட்டு ஒருமுறை அலசிச் சமையுங்கள். சூடைக் கருவாட்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், உப்பு மிக அதிகம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் விடுகிற வீடு என்றால், முடிந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். ஒரு படி பின்னே போய் மறுபடி வறையிலிருந்து வாருங்கள்.

மூன்று மாதம் பொறுமையாகச் செய்தும் இறங்கவில்லை என்றால் அதைத் தோல்வியாக எடுக்காதீர்கள். மருத்துவர் கேட்டது கொழுப்புள்ள சிறுமீனை. சூடை இல்லாவிட்டால் கீரியும் நெத்தலியும் இருக்கின்றன, அளவில் சற்றுப் பெரிதானாலும் கும்பிளாவும் அதே வேலையைச் செய்யும். கும்பிளாவின் சதை தடிப்பானது, முள் குறைவு, பாரை விரும்புபவர்களுக்கு எளிதில் பிடிக்கும். அடுத்த இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது எந்த மீனை, எத்தனை நாள், எப்படிச் சமைத்துச் சாப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எண்ணை மட்டும் பார்ப்பதைவிட அந்தத் தாளையும் சேர்த்துப் பார்த்தால் மருத்துவருக்கு உங்கள் நிலை நன்றாக விளங்கும்.