விளையாடப் பிடிக்கும், சரி. செய்யப் பிடிக்குமா? (கேள்வி பதில்)

பதினான்கு வருடமாக வீடியோ கேம் துறையில் இருக்கிறேன். முதல் இரண்டு வருடம் டெஸ்டர், அப்புறம் புரோகிராமர். இப்போது பெங்களூரில் ஏழு பேர் கொண்ட சின்னக் குழுவில் வேலை. "கேம் என்றால் எனக்கு உயிர், அதையே தொழிலாக எடுக்கலாமா?" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டதால் எல்லோருக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எந்த லேப்டாப் வாங்கலாம் என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அண்ணா, நான் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் கான்கரர் என்ற உச்ச நிலை வரை போனவன். கேம் டெவலப்பர் ஆக எனக்குத் தகுதி இருக்கிறதா? (திருப்பூர்)

கான்கரர் ஆனது விளையாடும் திறமை, தம்பி. அதற்கு இ-ஸ்போர்ட்ஸ் பக்கம் இருப்பவர்களைக் கேளுங்கள், எனக்கு அது தெரியாது. என் பக்கம் வருவதாக இருந்தால் ஒரு கேள்வி: உங்களுக்குப் பிடித்த துப்பாக்கியில் குண்டு மாற்ற எத்தனை நொடி ஆகிறது? அதை அரை நொடி குறைத்தால் மற்ற துப்பாக்கிகள் என்ன ஆகும்? இதை யோசித்துப் பார்க்க ஆசையாக இருந்தால் வாருங்கள். "அதெல்லாம் எதுக்குண்ணா" என்று தோன்றினால் நிம்மதியாக விளையாடுங்கள்.

டெஸ்டர் வேலை என்றால் நாள் முழுக்க கேம் விளையாடிச் சம்பளம் வாங்குவதுதானே? சொர்க்கம் மாதிரி இருக்குமே! (வேலூர்)

என் முதல் வேலை ஒரு மொபைல் கார் ரேஸ் கேம். மூன்று வாரம் நான் ரேஸே ஓட்டவில்லை. பாதையின் இரண்டு பக்கச் சுவரிலும் காரை மோதிக்கொண்டே போக வேண்டும், இரண்டடிக்கு ஒரு தடவை. எங்காவது கார் சுவருக்குள் புகுந்துவிட்டால் எந்த இடம், என்ன வேகம், எந்தக் கோணம் என்று குறித்து, அதையே மறுபடி நடத்திக்காட்டி, எழுதி அனுப்ப வேண்டும். மறுநாள் சரிசெய்த புதுப் பதிப்பு வரும். மறுபடி முதல் சுவரிலிருந்து.

ஏழாவது வளைவில் ஒரு விளம்பரப் பலகை. அதன் ஓரமாகப் போனால் சில சமயம் கார் தரைக்குள் விழுந்து காணாமல் போகும், சில சமயம் போகாது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மெதுவாகப் போனால் மட்டும் விழுகிறது என்று பிறகுதான் பிடிபட்டது. தரையின் இரண்டு துண்டுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி. வேகமாகப் போகும் சக்கரம் அதைத் தாண்டிவிடும், மெதுவாகப் போகும் சக்கரம் சரியாக அதில் இறங்கிவிடும். அன்றைக்கு வந்த சந்தோஷம் எனக்கு எந்த கேமை ஜெயித்தபோதும் வந்ததில்லை. அதே மூன்று வாரத்தில் என்னோடு சேர்ந்த இருவர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். இருவருமே என்னைவிட நன்றாக விளையாடுவார்கள்.

எந்த லேப்டாப் வாங்கலாம்?

உங்களிடம் இருப்பதை.

ஐயா, என் மகன் ப்ளஸ் டூ. இன்ஜினியரிங் வேண்டாம், கேம் டிசைன் படிக்கிறேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். நான்கு லட்சம், "நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்" என்கிறார்கள். சேர்க்கலாமா? (திருவண்ணாமலை)

ஐயா, உத்தரவாதம் என்ற சொல்லைப் பார்த்தவுடன் எழுந்து வந்துவிடுங்கள். எல்லா இடமும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தத் துறையில் சான்றிதழைப் பார்த்து வேலை கொடுத்து நான் பார்த்ததில்லை. "செய்து முடித்தது என்ன, காட்டு" என்பார்கள், அவ்வளவுதான். அதனால் கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள். இதை இன்றைக்குப் பத்துத் தடவையாவது சொல்வேன்.

பையனிடம் சண்டையும் வேண்டாம். கணினி அறிவியல் படித்துக்கொண்டே இதையும் செய்யலாம். நாளைக்குக் கேம் வேலை இல்லையென்றாலும் வேறு வேலைக்கு அந்தப் பட்டம் செல்லும். காலாண்டு விடுமுறையில் ஒரு சின்ன கேமை ஆரம்பித்து, முடித்து, மூன்று நண்பர்களிடம் விளையாடக் கொடுக்கச் சொல்லுங்கள். பந்து, மட்டை, செங்கல் போதும். அவர்கள் திணறுவதைப் பக்கத்தில் நின்று வாயைத் திறக்காமல் அவன் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் அது நிஜமான ஆசை.

கணக்கு வரவே வராது. பரவாயில்லையா? (பதினொன்றாம் வகுப்பு, சேலம்)

ஓவியம் அல்லது ஒலி பக்கம் போனால் பரவாயில்லை. நிரல் எழுதுவதாக இருந்தால் வெக்டர் (அளவும் திசையும் சேர்ந்தது) பாடத்தை மட்டும் தவறவிடாதே. ஒரு காவலாளி உன்னைப் பார்த்துவிட்டானா இல்லையா என்று கேமுக்கு எப்படித் தெரியும்? அவன் பார்க்கும் திசை ஒரு வெக்டர். அவனிடமிருந்து நீ நிற்கும் இடம் வரை இன்னொரு வெக்டர். இரண்டுக்கும் புள்ளிப் பெருக்கம் (டாட் பிராடக்ட்) போடு. விடை மிகை என்றால் அவனுக்கு முன்னால் நிற்கிறாய், குறை என்றால் முதுகுப் பக்கம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அதே வரிதான்.

கணினி இல்லாமலேயே தொடங்கலாம் இன்னொன்று: ஆடுபுலி ஆட்டம். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. ஆடு ஒவ்வொன்றாகக் கட்டத்தில் இறங்கும். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்துப் பிடிக்கும், ஆடுகள் புலியை நகரவிடாமல் அடைக்கும். அம்மாவோடு பத்து ஆட்டம் ஆடி யார் ஜெயித்தார்கள் என்று எழுது. அப்புறம் ஆட்டை 13 ஆகக் குறைத்து இன்னும் பத்து. கேம் டிசைனர்கள் 'பேலன்ஸ்' (இரண்டு பக்கமும் சமநிலை) என்று சொல்வது இதைத்தான்.

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 15 ஆடே அதிகம். விவரம் தெரிந்தவர் ஆடு வைத்தால் புலி ஜெயிக்கவே முடியாது. (மதுரை, ஓய்வுபெற்ற ஆசிரியை)

அம்மா, எங்கள் வீட்டில் நேர்மாறு. தாத்தா புலி எடுத்தால் ஐந்து ஆடு போன பிறகுதான் எங்களுக்கு விஷயமே புரியும்.

கேம் செய்யும் மென்பொருளில் எது நல்லது: யூனிட்டியா, அன்ரியலா, கோடாட்டா?

தனியாகச் செய்யும் சின்ன கேம் என்றால் கோடாட். இலவசம், திறந்த மூலம். வேலை தேடுவதாக இருந்தால் யூனிட்டி, பெரிய ஸ்டுடியோ என்றால் அன்ரியல். ஒன்றை மட்டுமே நம்பி இருக்காதீர்கள். 2023 செப்டம்பரில் யூனிட்டி, ஒரு கேம் இத்தனை தடவைக்கு மேல் நிறுவப்பட்டால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் என்று திடீரென்று அறிவித்தது. எங்கள் குழுவில் அன்று ஒருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வருடம் கழித்து அதைக் கைவிட்டார்கள். ஆனால் போன நம்பிக்கை முழுசாகத் திரும்பவில்லை.

மதுரை அம்மா சொல்வது தவறு. எங்கள் ஊரில் எப்போதும் புலிதான் ஜெயிக்கும். (தஞ்சாவூர் பக்கம்)

சரி, இது நான் நினைத்ததைவிடப் பெரிய பஞ்சாயத்தாகப் போகிறது. இருவருக்கும் ஒரே கேள்வி: 15 ஆடும் இறங்கும் முன்பே, கட்டத்தில் இருக்கும் ஆட்டை நகர்த்தலாமா?

சார், நான் 34 வயது, ஐடி வேலை. ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமை ஒரே ஆள் செய்தாராமே. வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் முழுநேரமாக முயற்சி செய்யலாமா? (சென்னை, ஒரு தாய்)

வேலையை விடாதீர்கள். எரிக் பரோன் அதைத் தனியாகச் செய்தார் என்பது உண்மை. ஏறக்குறைய நாலரை வருடம் ஆனது, 2016இல் வெளிவந்தது. அந்த வருடங்களில் அவர் ஒரு தியேட்டரில் பகுதிநேரமாக வேலை பார்த்தார், வீட்டுச் செலவுக்குத் துணையின் வருமானமும் இருந்தது. கதை சொல்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் ஒரு கேம் போட 100 டாலர் கட்டணம். விற்றதில் 30 சதவீதம் அவர்களுக்கு. 2024இல் அங்கே 18 ஆயிரத்துக்கும் மேல் கேம்கள் வந்தன, அதாவது ஒரு நாளைக்கு ஐம்பது. உங்கள் கேம் வெளியாகும் அதே நாளில் இன்னும் நாற்பத்தொன்பது. குழந்தை தூங்கிய பிறகு ஒரு மணி நேரம், வாரம் நான்கு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் ஆடி முடிக்கிற அளவுக்குச் சின்னதாக ஒன்று. சம்பளம் வரட்டும், கேமும் வரட்டும்.

ஆமாம், எங்கள் வீட்டில் நகர்த்தலாம். ஆட்டை இறக்கலாம் அல்லது நகர்த்தலாம், ஒரு தடவைக்கு ஒன்று. (மதுரை)

நகர்த்தவே கூடாது! எல்லா ஆடும் இறங்கிய பிறகுதான். (தஞ்சாவூர் பக்கம்)

அவ்வளவுதான், வழக்கு தீர்ந்தது. இருவரும் ஆடுவது இரண்டு வேறு ஆட்டம். இறங்கிய ஆடு அசையக் கூடாது என்றால், தப்பான இடத்தில் வைத்த ஆடு கடைசிவரை அங்கேயே நின்று புலிக்குச் சாப்பாடு. நகரலாம் என்றால் அது தப்பிக்கும், பக்கத்து ஆட்டுக்குப் பின்னால் போய்த் துணை நிற்கும், புலிக்குத் தாண்டிக் குதிக்க இடம் இருக்காது. ஆடும் மாறவில்லை, புலியும் மாறவில்லை. ஒரே ஒரு விதி, ஜெயிக்கும் கட்சியே மாறிவிட்டது. அலுவலகத்தில் இப்படி ஒரு விதிக்காக நாங்கள் வாரக்கணக்கில் சண்டை போடுவோம்.

விதியை மாற்றி ஆடுபவரை ஏமாற்றுவது சரியா? விளிம்பைத் தாண்டிய பிறகும் குதிக்கவிடும் கேம்கள் இருக்கின்றனவாமே? (கோவை)

நல்ல கேள்வி. அதற்குக் கொயோட்டி டைம் என்று பெயர். கார்ட்டூனில் மலை விளிம்பைத் தாண்டியும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்குமே, அந்த ஓநாய் மாதிரி மிருகத்தின் பெயர்தான். நொடிக்கு 60 ஃப்ரேம் (திரையில் மாறும் படம்) ஓடும் கேமில் ஐந்தாறு ஃப்ரேம், பத்தில் ஒரு நொடி. கால் தரையை விட்ட பிறகும் அந்த நேரம் வரை குதிக்கும் பட்டன் வேலை செய்யும். இதை எடுத்துவிட்டால் "நான் சரியாகத்தான் அழுத்தினேன், கேம்தான் சரியில்லை" என்று திட்டுவார்கள். வைத்தால் ஒருவருக்கும் தெரியாது. பிப்ரவரி முழுக்க நான் அது ஐந்தா ஆறா ஏழா என்று மாற்றிக்கொண்டிருந்தேன். ஆறு.

லேப்டாப்...

ஏற்கெனவே மேலே சொல்லிவிட்டேன்.

இவ்வளவு பேரை வேலையைவிட்டு அனுப்புகிறார்களே, இப்போது வரலாமா?

பயம் நியாயம்தான். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கேம் பிரிவில் 1,900 பேர், அடுத்த மாதமே சோனி பிளேஸ்டேஷனில் சுமார் 900 பேர். நேரம் காலம் இல்லாத வேலையும் புதிது இல்லை. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனத்தின் ஊழியர் ஒருவரின் துணை 2004இலேயே அதைப் பற்றிப் பெயர் போடாமல் இணையத்தில் எழுதி, துறையே அதிர்ந்தது. "பிடித்த வேலைதானே" என்று சொல்லித்தான் இரவு பதினொரு மணிவரை உட்காரவைப்பார்கள். நானும் ஒரு இடத்தில் அப்படி உட்கார்ந்தேன், முதுகு போயிற்று. கேம் மீது இருக்கும் ஆசையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் இடத்தில் சேராதீர்கள். கடன் வாங்கிப் படிக்காதீர்கள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் ரம்மி நிறுவனத்தில் வேலை கிடைத்தால் போகலாமா?

2025 ஆகஸ்ட் சட்டத்துக்குப் பிறகு ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் ஆட்டமே நாட்டில் தடை. வேறு இடம் பாருங்கள்.

தமிழில், தமிழர் வாழ்க்கையை வைத்து ஒரு கேம் செய்தால் யார் விளையாடுவார்கள்? (யாழ்ப்பாணம்)

2023இல் டொராண்டோவிலிருந்து வெண்பா என்று ஒன்று வந்தது, பார்த்தீர்களா? கனடாவுக்குக் குடிபோன தமிழ்த் தாய், அவர் கணவர் பாவலன், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்திருக்கும், விட்டுப்போனதை ஊகித்து இட்லி, புட்டு செய்ய வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டாவில் சிறந்த அறிமுக விளையாட்டு விருது. நமக்கு அத்துபடியான சமையலறைதான் அங்கே புதிராக மாறியிருக்கிறது. உலகத்தையே சுற்றும் கதை வேண்டாம், உங்கள் தெருவில் இருப்பதை எடுங்கள். சின்னதாக.

சார், கேம் டெவலப்பர் ஆக முதலில் எந்த லேப்டாப்...

தம்பி, ஒரு அட்டை, ஒரு சாக்பீஸ், 15 புளியங்கொட்டை, மூன்று கூழாங்கல்.

நேற்று என் பேரனோடு தஞ்சாவூர் விதிப்படி, நகர்த்தாமல் ஆடுபுலி ஆடினேன். 15 ஆடு வைத்து ஆறு ஆட்டத்தில் நான்கில் புலி ஜெயித்தது. 13க்குக் குறைத்தால் ஆறிலும் புலிதான். ஆனால் முதல் புலியை உச்சியில் வைக்காமல் நடுவில் வைத்தால் கணக்கு மாறுகிறது. (மதுரை)

எப்படி மாறுகிறது அம்மா? மற்ற இரண்டு புலிகளை எங்கே வைத்தீர்கள்?