போர்ட் திறந்தாச்சு, நண்பர்கள் ஏன் உள்ளே வர முடியவில்லை?

கேள்வி: பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டு லேப்டாப்பில் மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்புக்கு சர்வர் போட்டிருக்கிறேன். வீட்டுக்குள் தங்கச்சி அவள் கணினியிலிருந்து சேர்ந்து விளையாடுகிறாள். தென்காசியிலும் வள்ளியூரிலும் இருக்கும் நண்பர்களுக்கு மட்டும் 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' என்று வருகிறது. ரவுட்டரில் சர்வருக்கு உள்ளே வரும் வழியான 25565 போர்ட்டைத் திறந்துவிட்டேன். மூன்று முறை அழித்துவிட்டு மறுபடி போட்டும் பார்த்தேன். எங்கே தப்பு, அண்ணாச்சி?

பதில்: தம்பி, பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். தங்கச்சியால் சேர முடிகிறது என்றால் சர்வர் ஒழுங்காக ஓடுகிறது, விண்டோஸ் ஃபயர்வாலும் ஜாவாவுக்கு வழி விட்டிருக்கிறது. தனியாக ஆன்டிவைரஸ் ஏதாவது போட்டிருந்தால், அது வீட்டு நெட்வொர்க்கை மட்டும் விட்டு வெளியாளைத் தடுக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நண்பர்களுக்கு 'ரெஃப்யூஸ்ட்' என்று வராமல் 'டைம்ட் அவுட்' என்று வருவதும் ஒரு துப்புதான். கதவைத் தட்டி 'ஆள் இல்லை' என்று பதில் கிடைத்தால் அது ரெஃப்யூஸ்ட். தட்டின சத்தமே உள்ளே வரவில்லை என்றால் டைம்ட் அவுட். அவர்கள் அனுப்புவது வழியிலேயே நின்றுபோகிறது.

எங்கே நிற்கிறது? நம்ம பக்கத்து வளவு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே வரிசையாக நாலைந்து வீடு. உள்ளே இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் வெளியே போய்வரலாம். வெளியிலிருந்து புதிதாக ஒருவர் தெருவாசலில் வந்து நின்றால், அவர் எந்த வீட்டுக்கு வந்தார் என்று வாசலுக்குத் தெரியாது. இன்டர்நெட் கம்பெனிகள் பல இன்று இப்படித்தான் ஒரே பொது ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் வீட்டைக் கண்டுபிடிக்கும் எண்ணை, பல வீடுகளுக்குப் பங்கு வைக்கின்றன. சிஜிநாட் என்று அதற்குப் பெயர். ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. ஆசிய-பசிபிக் பகுதிக்கான கையிருப்பு 2011-லேயே கடைசிப் பங்குக்கு வந்துவிட்டது. நீங்கள் திறந்து வைத்தது உங்கள் வீட்டுக் கதவை. தெருவாசல் சாவி கம்பெனியிடம் இருக்கிறது. மூன்று முறை இல்லை, முப்பது முறை போட்டாலும் இது ரவுட்டர் பக்கத்தில் தீராது.

உங்கள் வீடும் இப்படித்தானா என்று இரண்டே நிமிஷத்தில் பார்த்துவிடலாம். பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் 'ஸ்டேட்டஸ்' பகுதியில் 'வான்' (WAN) ஐபி, அதாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி, என்ன என்று பாருங்கள். ஃபைபர் பெட்டிகளில் சில சமயம் இரண்டு மூன்று வரி இருக்கும்: நிர்வாகத்துக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று, இன்டர்நெட்டுக்கு ஒன்று. இன்டர்நெட் வரிதான் நமக்கு வேண்டும். அப்புறம் 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளம் ஒன்றைத் திறந்து, அங்கே வரும் ஐபிவி4 எண்ணோடு ஒப்பிடுங்கள். நடுவில் முக்காற்புள்ளிகளோடு நீளமாக வந்தால் அது ஐபிவி6, அதை இதோடு ஒப்பிட வேண்டாம்.

இரண்டும் ஒன்று என்றால் உங்களுக்கு நல்ல காலம், தனி வாசல் இருக்கிறது. ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அது சிஜிநாட்தான். அதற்கென்றே 2012-ல் ஒதுக்கிய வரிசை அது. 10-ல் தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். 192.168 என்று வந்தால் வளவு உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: கேபிள்காரர் வைத்த ஃபைபர் பெட்டி ஒரு ரவுட்டர், நீங்கள் வாங்கி மாட்டியது இன்னொரு ரவுட்டர். அப்படியானால் கேபிள்காரரிடம் சொல்லி அவர் பெட்டியை 'பிரிட்ஜ்' முறைக்கு, அதாவது ரவுட்டர் வேலை பார்க்காமல் இணைப்பை மட்டும் கடத்தும்படி, மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்களுடையதை வைஃபை மட்டும் தரும் 'ஆக்சஸ் பாயின்ட்' ஆக்கிவிட்டு, போர்ட்டை அவர் பெட்டியில் திறங்கள்.

தனி வாசல் இருந்தும் வரவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது லேப்டாப்பின் உள்முகவரியை. போன ஐப்பசி மழையில் வண்ணார்பேட்டையில் ஒரு வீட்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து தேடினேன். ரவுட்டர் விதியில் 192.168.1.5 என்று இருந்தது. கரண்ட் போய் வந்ததும் லேப்டாப்புக்கு 192.168.1.7 கிடைத்திருந்தது. அந்தக் கடைசி எண் ஒன்றுதான் கோளாறு. ரவுட்டரின் 'டிஹெச்சிபி ரிசர்வேஷன்' பகுதியில் லேப்டாப்பின் மேக் (MAC) முகவரிக்கு, அதாவது அந்தக் கருவியின் அடையாள எண்ணுக்கு, ஓர் ஐபி எண்ணை நிரந்தரமாகக் கட்டிவிடுங்கள். வைஃபைக்கு ஒரு மேக், கேபிளுக்கு வேறொரு மேக். எதில் சர்வர் ஓடுகிறதோ அதைக் கட்டுங்கள்.

ரவுட்டர் விதியில் டிசிபி, யுடிபி என்று இரண்டு வகை கேட்கும். ஜாவா பதிப்புக்கு டிசிபி 25565. மைன்கிராஃப்டின் இன்னொரு வகையான பெட்ராக் பதிப்பானால் யுடிபி 19132. போர்ட் சோதிக்கும் தளத்தைப் பார்க்கும்போது சர்வர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஓடாவிட்டால் 'மூடியிருக்கிறது' என்றுதான் காட்டும். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வெளி முகவரியைப் போட்டுச் சோதிப்பதையும் நம்ப வேண்டாம், பல ரவுட்டர்கள் அப்படி உள்ளே திரும்ப விடாது. வள்ளியூர் நண்பரைப் போனில் கூப்பிட்டு முயலச் சொல்வதுதான் சரியான சோதனை.

சரி, சிஜிநாட் என்றே தெரிந்துவிட்டால்? கம்பெனியிடம் 'ஸ்டாட்டிக் பப்ளிக் ஐபி' கேட்கலாம். தனிக்கட்டணம் இருக்கும். நாலைந்து நண்பர்கள் மாலையில் கூடி விளையாட அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. டெயில்ஸ்கேல், ஜீரோடயர் போன்ற மென்பொருளை எல்லாரும் போட்டுக்கொண்டால், தூரத்தில் இருந்தாலும் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருப்பது போல ஆகிவிடும். ரவுட்டரைத் தொடவே வேண்டாம். தனிநபர் பயன்பாட்டுக்கு இரண்டிலும் இலவசத் திட்டம் இருக்கிறது. டெயில்ஸ்கேலும் 100-ல் தொடங்கும் எண்ணைத்தான் தரும், அதைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள். நண்பர்கள் அந்த எண்ணைப் போட்டே சேரலாம்.

எந்த வழியில் போனாலும் ரவுட்டரில் 'டிஎம்இசட்' (DMZ) என்பதை மட்டும் அமுக்காதீர்கள். அது லேப்டாப்பின் எல்லாப் போர்ட்டையும் வெளியே காட்டிவிடும். சர்வரில் 'ஒயிட்லிஸ்ட்' என்ற அனுமதிப் பட்டியல் போட்டு நண்பர்கள் பெயரை மட்டும் சேர்த்துவிடுங்கள். 1.18.1-க்கு முந்தைய பதிப்பு ஓட்டுகிறீர்கள் என்றால், 2021 டிசம்பரில் வெளிவந்த லாக்4ஜே (Log4j) என்ற பாதுகாப்பு ஓட்டை அதில் இருக்கக்கூடும். அடைக்காமல் வெளியே திறக்க வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு சேரவில்லை என்றால் 'வான்' ஐபியின் முதல் இரண்டு எண்களை மட்டும் (100.64 என்பது போல) எழுதி அனுப்புங்கள், தம்பி. முழு முகவரி எனக்கு வேண்டாம், வேறு யாருக்கும் அனுப்பவும் வேண்டாம்.